தக்தீர் என்று சொல்லித் தப்பிக்காதீர்கள்

சென்ற மாதம் ஒரு நிகாஹ் விருந்தில் நால்வர் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்திருந்தோம். எனக்கு எதிரே இருந்த காக்கா, வளைகுடா நாடொன்றில் 26 ஆண்டுகள் சபராளியாக வாழ்ந்தவர். ஒரு வணிக நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் உழைத்து ஊர் திரும்பியவர். அவருடைய இளைய மகன் கணினிப் பொறியியல் முடித்து ஓராண்டுக்கு மேலாகிறது. இறுதியாண்டிலேயே வளாகத் தேர்வில் ஒரு நிறுவனம் அவனைத் தேர்ந்தெடுத்துவிட்டது. அன்று தெரு முழுவதும் இனிப்பு வழங்கினார்கள். பிறகு பணியில் சேரும் நாள் மும்முறை தள்ளிப்போனது. நான்காம் முறை கடிதமே வரவில்லை. புதியவர்களுக்கென்று ஒதுக்கியிருந்த வேலைகளை இப்போது செயற்கை நுண்ணறிவு மென்பொருளே செய்துவிடுகிறது என்று அங்கே பணிபுரியும் ஒருவர் சொன்னாராம். அந்தப் பட்டத்துக்காக மனைவியின் நகையில் பாதி போயிற்று என்று சொன்னபோது காக்காவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

சஹனில் இருந்த மற்ற இருவரும் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். ஒருவர் தொழிலதிபர். "புது இயந்திரம் வரும்போதெல்லாம் இப்படித்தான் பயப்படுவார்கள், காக்கா. பழைய வேலை போகும், புது வேலை வரும். உலகம் அப்படித்தான் முன்னேறியிருக்கிறது" என்றார். இன்னொருவர் ஊரில் மதிப்புக்குரிய ஓர் ஆசிரியர். "எல்லாம் தக்தீர். ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ். பொறுமையாக இருங்கள்" என்றார்.

நான் அன்று ஒன்றும் சொல்லவில்லை. விருந்து வீட்டில் வாதம் செய்வது முறையில்லை என்று இருந்துவிட்டேன். அந்த மௌனம் இன்றுவரை உறுத்துவதால் இதை எழுதுகிறேன். இரு பதில்களும் நல்லெண்ணத்தில் பிறந்தவைதாம். ஆயினும் இரண்டிலும் ஒரே பிழை இருக்கிறது. முதலாவது பதில் பழியை வரலாற்றின் மீது போடுகிறது. இரண்டாவது படைத்தவன் மீதே போடுகிறது. இடையில் நின்று முடிவெடுத்த மனிதர்கள் இரண்டிலும் காணாமற் போய்விடுகிறார்கள். அவர்களைத் திரும்பவும் கண்முன் நிறுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆதாயம் உண்மையானது

இயந்திரத்தைத் தூற்றுவது என் எண்ணமன்று. அது தரும் ஆதாயத்தை மறுப்பவர் கண்ணை மூடிக்கொண்டு பேசுகிறார்.

அமெரிக்கப் பொருளியலாளர்களான எரிக் பிரினியோல்ஃப்சன், டேனியல் லீ, லின்சே ரேமண்ட் ஆகியோர் 2023இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒரு மென்பொருள் நிறுவனத்துக்காக வாடிக்கையாளர்களின் குறைகளைக் கேட்டுத் தீர்க்கும் 5,000க்கும் மேற்பட்ட பணியாளர்களை அவர்கள் ஆராய்ந்தனர். பணியாளர் தட்டச்சு செய்யும்போதே "இப்படிப் பதில் சொல்லலாம்" என்று பக்கத்தில் எடுத்துக் கொடுக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவி அங்கே படிப்படியாகப் புகுத்தப்பட்டது. ஒரு மணி நேரத்தில் ஒருவர் தீர்த்துவைக்கும் குறைகளின் எண்ணிக்கை சராசரியாக 14 விழுக்காடு உயர்ந்தது. புதியவர்களிடமும் திறன் குறைந்தவர்களிடமும் அந்த உயர்வு 34 விழுக்காடு. நெடுநாள் அனுபவமுள்ளவர்களிடம் பெரிய மாற்றமில்லை. அதே ஆண்டில் எம்.ஐ.டி. ஆய்வாளர் இருவர் நடத்திய சோதனையில், கடிதமும் அறிக்கையும் எழுதும் வேலைக்கான நேரம் 40 விழுக்காடு குறைந்தது, தரமும் உயர்ந்தது.

எல்லா இடத்திலும் இப்படியென்று சொல்வதற்கில்லை. 2025இல் தேர்ந்த மென்பொருளாளர்கள் 16 பேரைக் கொண்டு நடந்த சோதனையில், கருவியைப் பயன்படுத்தியபோது வேலை முடிய 19 விழுக்காடு கூடுதல் நேரம் பிடித்தது. வேடிக்கை என்னவென்றால், தாங்கள் 20 விழுக்காடு விரைவாக முடித்துவிட்டதாகவே அவர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். நாடு தழுவிய கணக்கிலும் கருத்து வேறுபாடு பெரிது. இதனால் உலகின் மொத்த உற்பத்தி பத்தாண்டுகளில் 7 விழுக்காடு வரை உயரக்கூடும் என்று கோல்ட்மேன் சாக்ஸ் நிறுவனம் 2023இல் கணித்தது. 2024இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற தாரோன் அசமோலுவோ, அமெரிக்கப் பொருளாதாரத்தின் மொத்த உற்பத்தித்திறனில் பத்தாண்டுகளில் 0.7 விழுக்காட்டுக்கும் குறைவான உயர்வே கிட்டும் என்று கணக்கிட்டார்.

ஆதாயம் பெரிதோ சிறிதோ, இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்விதான் நம் வீட்டுக் கேள்வி: அது யார் கைக்குப் போகிறது?

ஒரு தையற்கடையை எண்ணிப் பாருங்கள். ஏழு பேர் ஆளுக்குப் பத்துச் சட்டையாக ஒரு நாளில் 70 சட்டை தைக்கிறார்கள். புது இயந்திரம் வருகிறது. ஒருவர் 14 சட்டை தைக்க முடிகிறது. இப்போது முதலாளியின் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. 98 சட்டை தைத்து, விலையைக் குறைத்து, வாங்குபவருக்கு ஆதாயத்தைத் தரலாம். கூலியை உயர்த்தித் தையற்காரருக்குத் தரலாம். மாலை ஆறு மணி வரை நடந்த வேலையை நான்கு மணிக்கு முடித்து, அவர்களை வீட்டுக்கு அனுப்பலாம். அல்லது இரண்டு பேரை நிரந்தரமாக வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மீதி ஐவரை வைத்து அதே 70 சட்டையைத் தைத்து, இருவரின் கூலியைத் தன் பெட்டியில் போட்டுக்கொள்ளலாம். நான்கு வழியிலும் உற்பத்தித்திறன் ஏறக்குறைய ஒன்றுபோலவே உயர்ந்ததாகப் புள்ளிவிவரம் காட்டும். நான்கும் ஒன்றல்ல என்பது அந்த இரு வீடுகளின் அடுப்புக்குத் தெரியும்.

இயந்திரம் இந்த நான்கில் ஒன்றையும் தேர்ந்தெடுப்பதில்லை. தேர்ந்தெடுப்பவர் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார்.

பண்டாரியின் கைப்பக்குவம்

மேலே சொன்ன வாடிக்கையாளர் சேவை ஆய்வில் ஒரு செய்தி பலராலும் கவனிக்கப்படாமல் போகிறது. புதியவர்களுக்கு எடுத்துக் கொடுத்த அந்தக் கருவி எங்கே பாடம் படித்தது? அதே நிறுவனப் பணியாளர்களின் பழைய உரையாடல்களிலிருந்து. சினம் கொண்ட வாடிக்கையாளரை எந்தச் சொல்லால் தணிப்பது, எந்தக் கேள்வியை முதலில் கேட்டால் சிக்கலின் வேர் பிடிபடும் என்று பல ஆண்டுகளில் பழகிக்கொண்ட தேர்ந்த பணியாளர்களின் வழக்கங்களை அது கற்றுக்கொண்டு, நேற்று வந்தவருக்கு வழங்கியது. புதியவர் 34 விழுக்காடு முன்னேறியது பெரும்பாலும் அந்த மூத்தவர்களின் அறிவினால்.

நம் ஊர்ப் பண்டாரி ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த அரிசிக்கு எவ்வளவு தண்ணீர், எப்போது தம் போடுவது, எப்போது நெருப்பைத் தணிப்பது என்பதெல்லாம் அவருடைய நாற்பது ஆண்டுக் கைப்பக்குவம். ஒரு நாள் விருந்துக் குத்தகைக்காரர் அவர் பக்கத்தில் ஒரு கருவியை வைத்து, அவருடைய ஒவ்வோர் அசைவையும் பதிவு செய்துகொள்கிறார். மறுமாதம் அந்தக் கருவி சொல்லச் சொல்ல, பத்து இளைஞர்கள் பத்து இடத்தில் அதே சுவையில் ஆக்குகிறார்கள். இளைஞர்களுக்கு வேலை கிடைத்தது, நல்லது. விருந்து மலிவானது, அதுவும் நல்லது. பண்டாரிக்கு என்ன கிடைத்தது? அதே நாட்கூலி; சில மாதங்களில் அதுவும் இல்லை. அவருடைய அறிவுக்கு விலை பேசியவர் யார்? அவரிடம் யாராவது கேட்டார்களா?

நம் முன்னோர் கடல் கடந்து வணிகம் செய்தவர்கள். முளாரபா என்னும் பங்குத் தொழில் முறையை நம் வணிகக் குடும்பங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒருவர் முதல் போடுகிறார். மற்றவர் உழைப்பையும் திறமையையும் போடுகிறார். இலாபத்தில் யாருக்கு எத்தனை பங்கு என்பது தொழில் தொடங்கும் முன்பே பேசி முடிக்கப்பட வேண்டும். நட்டம் வந்தால் முதலைப் போட்டவர் பணத்தை இழக்கிறார். உழைத்தவர் தம் உழைப்பை இழக்கிறார். ஒருவர் தலையில் மட்டும் எல்லாப் பாரமும் விழாத ஏற்பாடு அது.

இன்று நடப்பதை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உழைப்பவரின் அறிவு முதலாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. பங்கு முன்கூட்டியும் பேசப்படுவதில்லை, பிறகும் பேசப்படுவதில்லை. ஆதாயம் வந்தால் முதல் போட்டவருக்கு. வேலை போனால் உழைத்தவருக்கு. இதை முன்னேற்றம் என்று அழைக்கச் சொன்னால், எந்த நியாயத் தராசில் நிறுத்து அழைப்பது?

புது வேலை வரும், எப்போது, யாருக்கு?

தொழிலதிபர் நண்பரின் வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துக்கொள்வதே நேர்மை. அவருக்குச் சாதகமான சிறந்த சான்று ஏ.டி.எம். இயந்திரம். அது வந்தபோது வங்கிக் காசாளர் வேலை ஒழிந்தது என்றார்கள். அமெரிக்காவில் நகர்ப்புற வங்கிக் கிளையொன்றுக்குச் சராசரியாக 20 காசாளர்கள் இருந்த இடத்தில் 13 பேர் போதும் என்றானது உண்மை. ஆனால் கிளை நடத்தும் செலவு குறைந்ததால் வங்கிகள் மேலும் பல கிளைகளைத் திறந்தன. காசாளர்களின் மொத்த எண்ணிக்கை பல ஆண்டுகளுக்குக் குறையவில்லை. ஜேம்ஸ் பெசன் என்னும் பொருளியலாளர் இதை விரிவாக எடுத்துக் காட்டியிருக்கிறார்.

நல்ல சான்றுதான். கதை அங்கே முடியவில்லை. கைபேசியிலேயே வங்கி வந்த பிறகு கிளைகளும் குறைந்தன, காசாளர்களும் குறைந்தார்கள். முதல் அலை விட்டுவைத்தது என்பதற்காக அடுத்த அலையும் விட்டுவைக்கும் என்று பொருளில்லை.

இன்னும் பின்னோக்கிச் செல்வோம். "இங்கிலாந்தின் தொழிற்புரட்சியைப் பாருங்கள், எத்தனை செழிப்பு" என்பார்கள். பார்ப்போம். பொருளியல் வரலாற்றாசிரியர் இராபர்ட் ஆலனின் கணக்குப்படி, 1780க்கும் 1840க்கும் இடையே பிரிட்டனில் ஒரு தொழிலாளியின் உற்பத்தி 46 விழுக்காடு உயர்ந்தது. விலைவாசியைக் கழித்துப் பார்த்த உண்மைக் கூலியோ 12 விழுக்காடுதான் உயர்ந்தது. அறுபது ஆண்டுகள்! பாட்டன் உழைத்ததன் பலனை அவனும் காணவில்லை, அவன் மகனும் காணவில்லை. கைத்தறி நெசவாளர்களின் நிலை இதைவிடக் கொடிது. 1820களில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே கைத்தறியில் இருந்தனர். விசைத்தறி பரவப் பரவ அவர்களின் கூலி சரிந்து, ஒரு தலைமுறைக்குள் அத்தொழிலே கரைந்துபோனது.

1811இல் நாட்டிங்காம் பகுதியில் பின்னல் தறிகளை உடைக்கப் புறப்பட்டவர்களை 'லுட்டைட்டுகள்' என்பார்கள். இன்று முன்னேற்றத்துக்கு எதிரானவன் என்று ஒருவரை இகழ அப்பெயரைப் பயன்படுத்துகிறோம். உண்மையில் அவர்கள் அந்த இயந்திரங்களை இயக்கத் தெரிந்த கைவினைஞர்கள். முறையாகத் தொழில் பழகாதவர்களைக் குறைந்த கூலிக்கு அமர்த்தித் தரமற்ற துணியைச் சந்தையில் குவித்து, தங்கள் கூலியை அடித்து வீழ்த்தியதே அவர்களின் முறையீடு. அரசு தந்த பதில் என்ன? தறியை உடைத்தால் மரண தண்டனை என்று 1812இல் சட்டம். தொழிலாளர் ஒன்றுசேர்ந்து கூலி கேட்பதே 1824 வரை குற்றமாக இருந்தது.

பிறகு கூலி எப்படி உயர்ந்தது? இயந்திரம் மனம் இரங்கியா? சங்கம் சேரும் உரிமை கிடைத்தது, பெண்களுக்கும் இளையோருக்கும் வேலை நேரத்தைப் பத்து மணியாகக் குறைக்கும் சட்டம் 1847இல் வந்தது, பள்ளிக்கூடங்கள் பரவின, வாக்குரிமை விரிந்தது. செழிப்பு பரவியதற்கு இயந்திரம் மட்டும் காரணமன்று. அதன் பலனைப் பங்கிடச் சொல்லிப் போராடியவர்களும் காரணம். "புது வேலை வரும்" என்பவர் அந்தப் பாதிக் கதையை மறைத்துவிட்டு மீதிப் பாதியை மட்டும் சொல்கிறார்.

நமக்கு இங்கிலாந்து வரை போகவும் தேவையில்லை. பத்தமடைப் பாயை அறியாத தமிழ் முஸ்லிம் வீடு உண்டா? தாமிரபரணிக் கரைக் கோரையைப் பட்டிழை போலக் கிழித்து நெய்த நம் பெண்களின் கைகளை நினைத்துப் பாருங்கள். ஆலைப் பாய் மலிவாக வந்து குவிந்தபோது, பாய் வாங்குபவருக்கு ஆதாயம் வந்தது. ஆலை வைத்தவருக்கு இலாபம் வந்தது. கோரை கிழித்த அந்தக் கைகளைத் தேடி எந்தப் "புது வேலை" வந்தது?

ஏணியின் முதல் படி

இம்முறை முதல் அடி எங்கே விழுகிறது என்பதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். அமெரிக்காவின் மிகப் பெரிய சம்பளப் பட்டுவாடா நிறுவனமொன்றின் பதிவேடுகளை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசி, 2025 ஆகஸ்டில் முடிவை வெளியிட்டனர். செயற்கை நுண்ணறிவு அதிகம் நுழையக்கூடிய மென்பொருள், வாடிக்கையாளர் சேவை போன்ற தொழில்களில் 22 முதல் 25 வயது வரையிலான இளைஞர்களின் வேலைவாய்ப்பு, மற்றவர்களோடு ஒப்பிடுகையில் 13 விழுக்காடு சரிந்திருந்தது. அதே தொழில்களில் வயதில் மூத்தவர்களுக்கு அந்தச் சரிவு இல்லை. இன்னொன்றும் கண்டார்கள். மனிதனுக்குத் துணையாகக் கருவியைப் பயன்படுத்திய இடங்களில் இந்தச் சரிவு தென்படவில்லை. மனிதனுக்குப் பதிலாகப் பயன்படுத்திய இடங்களில்தான் தென்பட்டது. ஒரே கருவி, இரண்டு முடிவுகள்.

காக்காவின் மகனுக்கு நேர்ந்தது இதுதான். முதலாண்டுப் பொறியாளர் என்ன செய்வார்? பிறர் எழுதிய நிரலைச் சோதிப்பார், சிறு பிழைகளைத் திருத்துவார், கூட்டக் குறிப்பு எழுதுவார், தரவுகளை ஒழுங்குபடுத்துவார். வளைகுடா அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த கணக்கர் விலைப்பட்டியல்களைப் பதிவார். வங்கிக் கணக்கோடு ஒப்பிடுவார். நிலுவைக்குக் கடிதம் எழுதுவார். இவை சலிப்பூட்டும் வேலைகள். ஆனால் இவைதாம் பள்ளிக்கூடம். காக்காவே அப்படித்தான் தொடங்கினார். பதிவேட்டில் எழுதி எழுதித்தான் ஓர் எண்ணைப் பார்த்தவுடன் 'இது தவறு' என்று சொல்லும் கண் அவருக்கு வாய்த்தது. இயந்திரம் இன்று எளிதாகச் செய்வது இந்தத் தொடக்க வேலைகளையே.

ஏணியின் மேற்படிகள் அப்படியே இருக்க, முதல் படியை மட்டும் வெட்டி எடுத்தால் என்ன ஆகும்? ஏற்கெனவே மேலே நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. கீழே நிற்பவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பான். "இரண்டாண்டு அனுபவம் தேவை" என்று எல்லா விளம்பரமும் சொல்லும்; அந்த இரண்டாண்டை யார் தருவார்கள் என்று எந்த விளம்பரமும் சொல்லாது. இன்று புதியவரை எடுக்காமல் சம்பளத்தை மிச்சம் பிடிக்கும் முதலாளிகளே, பத்தாண்டு கழித்து உங்களுக்கு அனுபவசாலி எங்கிருந்து கிடைப்பார்? விதை நெல்லை அவித்துத் தின்றுவிட்டு "இவ்வாண்டு செலவு குறைந்தது" என்று கணக்கு எழுதுவது போன்றது இது.

மேற்படியில் நிற்பவர்களும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் தன் பணியாளர்களில் ஏறத்தாழ 2 விழுக்காட்டை, அதாவது 12,000 பேர் அளவில், குறைக்கப்போவதாக அறிவித்தது. பாதிக்கப்படுவோர் பெரும்பாலும் நடுநிலை, மூத்த நிலைப் பணியாளர்கள் என்றது. செயற்கை நுண்ணறிவால் கிடைத்த ஆதாயம் இதற்குக் காரணமல்ல, திறன் பொருந்தாமையே காரணம் என்றும் அதன் தலைமைச் செயல் அலுவலர் கூறினார். அப்படியே இருக்கட்டும். திறன் பொருந்தவில்லை என்றால், பொருந்தும்படி கற்பிக்கும் பொறுப்பு யாருடையது? பல ஆண்டு உழைப்பை வாங்கிக்கொண்டவருக்கு அதில் பங்கே இல்லையா?

இது விதியின் பெயரால் எடுத்த முடிவு

இனி ஆசிரியரின் பதிலுக்கு வருகிறேன். ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ். அது நம் ஈமான், அதில் வாதமில்லை. ஆனால் ஒரு மனிதர் குளிரூட்டப்பட்ட அறையில் அமர்ந்து, காகிதத்தில் கணக்குப் போட்டு, "இவ்வாண்டு புதியவர்கள் வேண்டாம்" என்று கையெழுத்திடுகிறார். அந்தக் கையெழுத்தை அல்லாஹ்வின் கணக்கில் எழுதிவைக்க நமக்கு யார் உரிமை தந்தார்கள்? அளவையில் மோசடி செய்த வணிகரிடம் ஏமாந்தவர் "தக்தீர்" என்று பொறுத்துக்கொள்ளலாம். அந்த வணிகர் "தக்தீர்" என்று சொல்லித் தப்பிக்க முடியுமா? பாதிக்கப்பட்டவருக்கு ஆறுதலாக வந்த நம்பிக்கை, பாதிப்பை உண்டாக்கியவருக்குக் கேடயமாகிவிடக் கூடாது.

இது மாற்ற முடியாத விதியன்று என்பதற்கு அண்மைக் காலச் சான்றுகளே போதும். சுவீடன் நாட்டுக் கிளார்னா நிறுவனம் 2024 பிப்ரவரியில் தன் செயற்கை நுண்ணறிவு உதவியாளர் 700 முழுநேரப் பணியாளர்களின் வேலையைச் செய்கிறது என்று பெருமையாக அறிவித்தது. மறு ஆண்டே அதன் தலைவர், செலவைக் குறைப்பதிலேயே குறியாக இருந்ததால் தரம் தாழ்ந்தது என்று ஒப்புக்கொண்டு, வாடிக்கையாளர் எப்போது வேண்டினாலும் ஒரு மனிதரோடு பேசலாம் என்பதற்காக மறுபடியும் ஆளெடுக்கத் தொடங்கினார். விதியாக இருந்தால் ஓராண்டில் திருத்தியிருக்க முடியுமா? அது ஒரு முடிவு, தவறான முடிவு, திருத்தப்பட்டது.

அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்கள் 2023இல் 148 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முடிவில் வந்த ஒப்பந்தத்தில் செயற்கை நுண்ணறிவு தடை செய்யப்படவில்லை. எழுத்தாளர் விரும்பினால், நிறுவனத்தின் இசைவோடு, அதைப் பயன்படுத்தலாம்; பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று அவரை வற்புறுத்தக் கூடாது; இயந்திரம் எழுதியதைக் காட்டி அவருடைய கூலியையும் பெயரையும் குறைக்கக் கூடாது. கருவி இருந்தது, அதன் மீது விதிமுறையும் இருந்தது. அந்த விதிமுறை வானத்திலிருந்து இறங்கவில்லை. 148 நாள் பட்டினியிலும் ஒற்றுமையிலும் பிறந்தது.

நம் நாட்டிலும் வழி இல்லாமலில்லை. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின்கீழ், 30 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்கள் தம் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை அமர்த்தியாக வேண்டும். ஏணியின் முதல் படியைக் காப்பது முதலாளியின் தயவன்று, கடமை என்று சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. இதை மென்பொருள் நிறுவனங்களில் முழுமையாக நடைமுறைப்படுத்தச் சொல்லிக் கேட்கும் குரல்தான் குறைவு. வாக்குக் கேட்டு நம் தெருவுக்கு வருபவர்களிடம் இதை யார் கேட்டிருக்கிறோம்?

நம் வீட்டுக் கணக்கு

பிறரை நோக்கி நீட்டிய விரலை நம் பக்கமும் திருப்ப வேண்டும்.

முதலில், நம் தொழிலதிபர்கள். ஏற்றுமதி, தோல், உணவகம், பயண முகவாண்மை, கல்வி நிலையம் என்று நம்மவர் நடத்தும் தொழில்கள் ஏராளம். அவற்றிலும் இந்தக் கருவிகள் நுழைந்துவிட்டன, நுழையட்டும். ஆனால் மூவர் செய்த வேலையை ஒருவர் செய்ய முடிகிறது என்றவுடன் இருவரை அனுப்பிவிட்டு, ரமலானில் அதே இருவரின் வீட்டுக்கு ஜகாத் பொட்டலம் அனுப்புவது எந்த வகை நன்மை? உரிமையாகக் கொடுத்திருக்க வேண்டியதைத் தர்மமாகக் கொடுத்துப் பெயர் வாங்குவது நம் மார்க்கம் கற்பித்த முறையன்று. ஆளைக் குறைக்கும் முன் நேரத்தைக் குறையுங்கள். புது வேலைக்குப் பழக்குங்கள். ஆண்டுதோறும் சில இளைஞர்களையாவது பழகுநராக எடுத்து, கருவியையும் தொழிலையும் சேர்த்துக் கற்றுக்கொடுங்கள்.

அடுத்து, பெற்றோர். கல்லூரியின் வண்ணத் தாளில் "செயற்கை நுண்ணறிவு" என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்தவுடன் நகையைக் கழற்றிக் கொடுக்காதீர்கள். சென்ற ஆண்டு எத்தனை பேர் உண்மையில் பணியில் சேர்ந்தார்கள் என்று கேளுங்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையைச் சொன்னால், சேர்ந்தவர்களின் எண்ணிக்கையை வற்புறுத்திக் கேளுங்கள். பாடம் நடத்துபவர்கள் தொழிலில் உழைத்தவர்களா என்று கேளுங்கள். பிள்ளையிடமும் ஒன்றைச் சொல்லுங்கள்: இயந்திரம் தரும் பதிலை வாங்கிக் கொடுப்பவனுக்கு மதிப்பில்லை, அந்தப் பதில் எங்கே தவறு என்று கண்டுபிடிப்பவனுக்கே மதிப்பு. அதற்கு அடிப்படைப் பாடத்தை அவன் தன் மூளையால் கற்றிருக்க வேண்டும். வீட்டுப்பாடம் முழுவதையும் கருவியிடம் ஒப்படைத்துவிட்டுப் பட்டம் வாங்குபவன், தன் இடத்தைத் தானே அதற்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறான்.

நம் பெண்களை மறந்துவிடக் கூடாது. வீட்டிலிருந்தபடியே தட்டச்சு, மொழிபெயர்ப்பு, தரவுப் பதிவு என்று செய்து, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைச் சத்தமில்லாமல் கட்டிவந்தவர்கள் பலர். இவ்வகை வேலைகளும் முதலில் அடிபடக்கூடியவை. அவர்களுக்கு நியமனக் கடிதமும் இல்லை, பணிநீக்கக் கடிதமும் இல்லை. ஆர்டர் வருவது நின்றுவிடும், அவ்வளவுதான். எந்தப் புள்ளிவிவரத்திலும் அவர்கள் வரமாட்டார்கள்.

இறுதியாக, ஜமாஅத். மின்விளக்கு அலங்காரத்துக்கும் மினாராவுக்கும் நிதி திரட்டத் தெரிந்த நமக்கு, வேலை இழந்த ஒருவர் ஆறு மாதம் புதுத் தொழில் பழகும்வரை அவர் வீட்டு அடுப்பு எரிய ஒரு நிதி திரட்டத் தெரியாதா? பைத்துல்மால் இருக்கும் மஹல்லாக்கள் இதைத் தனிக் கணக்காகத் தொடங்கலாம். ஓய்வுபெற்ற கணக்கரும் பொறியாளரும் சபராளியும் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் ஒரு மணி நேரம் அவர்கள் இளைஞர்களோடு அமர்ந்தால், வெட்டப்பட்ட முதல் படிக்குப் பதிலாக ஒரு மரப்படியையாவது நாமே அடித்துக் கொடுக்கலாம். அது போதாது; சட்டமும் முதலாளியும் செய்ய வேண்டியதற்கு அது ஈடாகாது. அவர்கள் செய்யும்வரை பிள்ளை விழாமல் இருக்க உதவும்.

அன்றைய விருந்து முடிந்து கை கழுவும்போது காக்கா என்னிடம் மெல்லக் கேட்டார்: "என் பிள்ளை எதில் குறை வைத்தான், தம்பி?" நான் அன்று சொல்லாததை இன்று சொல்கிறேன். உங்கள் பிள்ளை எதிலும் குறை வைக்கவில்லை, காக்கா. அவன் படித்தான், தேர்ச்சி பெற்றான், வாக்குக் கொடுத்தவர்கள் வாக்கைக் காப்பாற்றவில்லை. குறை வைத்தவர்கள் ஆதாயத்தைப் பங்கிட மறுத்தவர்களும், அதைக் கேட்காமல் சஹனைச் சுற்றி அமர்ந்து ஆறுதல் மட்டும் சொன்ன எங்களைப் போன்றவர்களும்தாம்.

உழைத்தவரின் உரிமையை உரிய நேரத்தில் கொடுக்கும் முதலாளிகளாகவும், அதை அஞ்சாமல் கேட்கும் சமுதாயமாகவும் அல்லாஹ் நம்மை ஆக்கி அருள்வானாக. ஆமீன்.